பொங்கலோடு கூண்டு காலியாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொட்டை மாடியிலும் புறக்கடையிலும் பத்துப் பதினைந்து கோழி வளர்ப்பது பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் எந்த இனம் நல்லது, என்ன தீவனம் போடலாம், எத்தனை முட்டை கிடைக்கும் என்பதையெல்லாம் எழுதுகின்றன. வளர்த்த கோழிகளை எப்போது மொத்தமாக வெளியேற்றுவது, புதுக்குஞ்சை எப்போது எங்கே விடுவது என்பதை மட்டும் விட்டுவிடுகின்றன. செங்குன்றம், திருநின்றவூர், மாங்காடு, மேடவாக்கம் பக்கம் வீட்டுக் கோழியில் சாவு வரும்போதெல்லாம் 'என்ன மருந்து கொடுக்கலாம்' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கூண்டு கடைசியாக எப்போது காலியாக இருந்தது என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. கூண்டு கட்டிய நாளிலிருந்து அது காலியானதே கிடையாது. இந்தக் கடிதம் அதைப் பற்றியது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

பல்லடம் பக்கத்து பிராய்லர் கொட்டகையில் எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் இறங்கும். 35 முதல் 42 நாளில் எல்லாம் லாரி ஏறும். கூளத்தை வாரி, கழுவி, மருந்தடித்து, பத்துப் பதினைந்து நாள் சும்மா போட்டுவிட்டுத்தான் அடுத்த பேட்ச். வீட்டுக் கூண்டில் நடப்பது வேறு. மூன்று வயதுப் பெட்டை ஒன்று இருக்கும். அது அடையில் உட்கார்ந்து பொரித்த குஞ்சுகள் நாலு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய விடைக்கோழி இரண்டு. ஊரிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய அசீல் சேவல். ஆடிக்கு அம்மனுக்கு நேர்ந்துவிட, இரண்டு வாரம் முன்பே வாங்கிக் கட்டிவைத்த இன்னொரு சேவல். தெருவில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய கலர்க் குஞ்சு மிச்சம் ஒன்று. பத்துக் கோழிதான், ஆனால் ஐந்து இடத்திலிருந்து வந்தவை, ஆறு வெவ்வேறு வயதில். பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில்கூட இத்தனை கலப்பு இருக்காது.

கலப்பு ஏன் ஆபத்து என்பது புரிய, ஒவ்வொரு நோயும் எங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் தங்குவதில்லை.

கொரைசா என்கிற சளி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் ஒருபக்கம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், மூக்கில் ஒழுகும் சளி நாற்றமடிக்கும். இந்தக் கிருமி வெயிலிலும் காய்ந்த தரையிலும் சில நாளுக்கு மேல் தாங்காது. அது குடியிருப்பது பிழைத்த கோழியின் மூக்குக்குள். பார்வைக்கு அந்தக் கோழிக்கு ஒரு குறையும் இருக்காது, முட்டைகூட இடும். அதன் பக்கத்தில் புது விடைக்கோழியை விட்டால் மூன்றாம் நாள் விடைக்கோழி தும்மும். உடனே 'சந்தைக் கோழி சளியோடு வந்தது' என்பார்கள். பாதி நேரம் சளி வீட்டிலேயேதான் இருந்தது. தண்ணீர்க் குவளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக ஒரு படலம் இருந்தால், எல்லாக் கோழியும் ஒன்றன் சளியை ஒன்று குடிக்கிறது என்று பொருள். நாட்பட்ட மூச்சிரைப்பு நோயைத் தரும் மைக்கோபிளாஸ்மாவும் இப்படித்தான் பிழைத்த கோழியில் தங்கும். அது ஒரு படி மேலே போய் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும்.

இரத்தக் கழிச்சல் தங்குமிடம் கூளம். பெரிய கோழி நோய் காட்டாமலே எச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதன் நுண்ணிய முட்டைகளைக் கழித்துக்கொண்டிருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் அவை தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதச் சென்னை இதற்கென்றே செய்துவைத்த மாதிரி. குஞ்சு மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இருக்கும்போது இதை அதிகமாகப் பொறுக்கித் தின்றால் குடலில் இரத்தம் கசியும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும், காலையில் எச்சத்தில் சிவப்பு தெரியும். பிளீச்சிங் பவுடர், பினாயில் எதற்கும் இந்த முட்டைகள் அசைந்துகொடுக்காது. நன்றாகக் காயவைப்பதும் சூடும்தான் கொல்லும்.

மேரக்ஸ் என்பது இறகுப் பொடியில் இருக்கும் வைரஸ். கூண்டின் கம்பி வலையில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூசி இருக்கிறதே, அதில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குஞ்சு முதல் சில வாரத்தில் அதைச் சுவாசித்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு விழும். 'வாதம் வந்துவிட்டது' என்று எண்ணெய் தேய்ப்பார்கள். தடுப்பூசி பொரிப்பகத்தில் முதல் நாளே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டியது. வீட்டில் அடைவைத்த குஞ்சுக்கு அது கிடைப்பதில்லை. ஊசி போட்ட கோழிக்கும் நோய் வராதே தவிர, வைரஸை அது வாங்கி வெளியே விடத்தான் செய்யும். ஆகவே ஊசி போட்ட பெரிய கோழியின் பக்கத்தில் ஊசி போடாத குஞ்சை விடுவது இரட்டைத் தவறு.

ராணிக்கெட், நம் ஊர்ப் பேச்சில் வெள்ளைக் கழிச்சல், வெளியிலிருந்து வருவது. புதுக்கோழி, அதைக் கொண்டுவந்த கூடை, சந்தைக்குப் போய் வந்த செருப்பு, பக்கத்து வீட்டில் செத்ததை இழுத்துவந்த நாய், இப்படி. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு, பிழைத்தவற்றுக்குக் கழுத்து முறுக்கல். தடுப்பூசி இல்லாத கூண்டில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. உள்ளே வந்து 2 முதல் 15 நாளுக்குள் வெளிப்படும், சராசரியாக ஐந்தாறு நாள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் இதை ராணிப்பேட்டையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ராணிக்கெட் இமயமலைமேல் உள்ள ஊர், இந்தியாவில் நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது அங்கே. நம் ராணிப்பேட்டையில் இருப்பது அதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம், 1932-இல் தொடங்கியது.

ஆக ஒன்று பழைய கோழியில், ஒன்று கூளத்தில், ஒன்று தூசியில், ஒன்று புதுக்கோழியில். பழையதும் புதியதும் எப்போதும் சேர்ந்தே இருக்கும் கூண்டில் நான்குக்கும் இடம் கிடைக்கிறது. கூண்டு ஒருமுறை முழுக்கக் காலியாகி, சுத்தமாகி, காய்ந்தால் முதல் மூன்றும் ஒரே அடியில் அறுபடுகின்றன அல்லது வெகுவாகக் குறைகின்றன. மருந்துக் கடையில் இதற்கு ஈடான சரக்கு கிடையாது.

தடுப்பூசியும் இதோடு பின்னியதுதான். ராணிக்கெட் மருந்து பெரும்பாலும் 100 டோஸ் குப்பியாக வருகிறது. எட்டுக் கோழி வைத்திருப்பவருக்காகக் குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. உடைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. தெருவில் ஐந்து வீட்டிலும் ஒரே வாரம் குஞ்சு இறங்கியிருந்தால் ஒரு குப்பி எல்லாருக்கும் ஆகும். ஒரே கூண்டுக்குள்ளேயே ஐந்து வெவ்வேறு வயதில் குஞ்சு இருந்தால் எந்த நாளும் யாருக்காவது ஊசி நாளாகத்தான் இருக்கும், கடைசியில் யாருக்கும் போடப்படாது.

முறை இதுதான். 5 முதல் 7 நாளில் ராணிக்கெட்டுக்கு எஃப் அல்லது லசோட்டா வகைத் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சு கண்ணைச் சிமிட்டி உள்வாங்கும்வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். சொட்டு விட்ட உடனே கீழே போட்டால் தலையை உதறி வெளியே தள்ளிவிடும். 14-ஆம் நாள் கம்போரோ என்கிற வைரஸ் நோய்க்கு. மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் மறுபடி லசோட்டா. 8 வாரம் முடிந்ததும் ஆர்.டி.வி.கே. என்கிற ராணிக்கெட் ஊசி, இறக்கைப் பக்கம் தோலுக்கடியில் அரை மில்லி. 100 டோஸ் குப்பிக்கு 50 மில்லி குளிர்ந்த உப்புக்கரைசல் என்பது அந்தக் கணக்குதான். இந்த ஊசி கொஞ்சம் வீரியமானது. 'சீக்கிரம் போட்டால் சீக்கிரம் பாதுகாப்பு' என்று நாலு வாரக் குஞ்சுக்குப் போட்டால் குஞ்சு கால் இழுத்துக்கொண்டு விழும், பழி ஊசிமேல் போகும். அம்மை ஊசியை ஆறு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சொல்லும் வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்திக்கொள்ளலாம்.

சென்னையில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்து வீணாவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின். லாரித் தண்ணீரிலும் அதேதான். உயிருள்ள வைரஸால் ஆன அந்த மருந்தை அதில் கலந்த நிமிடத்திலேயே பாதி செத்துவிடும். நல்ல கிணற்றுத் தண்ணீரோ, குளோரின் இல்லாத கேன் தண்ணீரோ எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலக்கி, அரைமணி கழித்து மருந்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் குவளையை எடுத்துவிட்டால் குஞ்சுகள் தாகத்தோடு ஒரே மூச்சில் குடித்துவிடும். கோடையில் இதைக் காலை ஆறு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். பகலில் தாகம் போட்டால் ஊசிக்கு முன் வெயில் கொன்றுவிடும். மருந்து வாங்கப் போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க் கையில் இருக்க வேண்டும். சட்டைப் பையில் வந்த குப்பி தண்ணீருக்குச் சமம். கை கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள், இந்த ராணிக்கெட் வைரஸ் மனிதர் கண்ணையும் சில நாள் சிவக்க வைக்கும்.

இனி, கூண்டை எப்போது காலி செய்வது? நம் ஊர் நாள்காட்டியே பாதி வழி காட்டுகிறது. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் கறிக்கு நல்ல கிராக்கி. விற்பதை அத்தோடு முடித்துக்கொண்டால் தை மாதத்து இளவெயிலும் காய்ந்த காற்றும் கூண்டுக்குக் கிடைக்கும். மாசி பிறக்கும்போது ஒருநாள் குஞ்சை இறக்கலாம். சித்திரை தொடக்கத்தில் 8 வாரம் ஆகிறது, ஆர்.டி.வி.கே. போட்டாகிவிட்டது, அப்புறம்தான் அக்கினி நட்சத்திரம் வருகிறது. வெயிலில் துவண்ட கோழிக்கு ஊசி போட வேண்டிய அவதி இல்லை. ஆடிக்குச் சேவல்கள் ஐந்து மாதம் ஆகியிருக்கும், விற்க அதைவிட நல்ல மாதம் எது? பெட்டைகள் ஆவணியில் முட்டைக்கு வரும். புரட்டாசியில் கறி விற்காது, அப்போது கூண்டில் இருப்பது முட்டைப் பெட்டைகள்தான் என்பதால் நட்டமும் இல்லை. அடைமழை தொடங்கும்போது கூண்டில் இரத்தக் கழிச்சல் வயதுக் குஞ்சே இருக்காது. இது எல்லாவற்றையும்விட முக்கியம்.

பெட்டைகளை முதல் பொங்கலில் விற்க வேண்டாம். இரண்டாவது பொங்கல்வரை, அதாவது ஏறத்தாழ 23 மாதம், வைத்துக்கொள்ளலாம். நடுவில் வரும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் மறுஊசிக்குச் சரியாகப் பொருந்தும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில் கணக்கு இடிக்கிறது. மாடியில் மேய்ச்சல் கிடையாது, ஒரு பெட்டை நாளுக்கு 100 கிராம் தின்றால் வருடத்துக்கு 36 கிலோவுக்கு மேல். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் இடும், அதுவும் வருடாவருடம் குறையும். நந்தனம் கோழி, கிராமப்ரியா போன்றவை கூடுதலாக இடும், ஆனால் வயது ஆக ஆகக் குறைவது அவற்றுக்கும் உண்டு.

ஏழு மாதம் கடையில் முட்டை வாங்க வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. அண்டை வீடு இரண்டு சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு வீடு இந்தப் பொங்கலில் காலி செய்தால் மற்ற வீடு அடுத்த பொங்கலில். முட்டையைப் பகிர்ந்துகொள்ளலாம். முறமும் வாளியும் கோழியும் மட்டும் சுவர் தாண்டக் கூடாது.

அடைக்கோழி வைத்துத்தான் குஞ்சு பொரிப்பேன் என்பவர்களும் ஒரே வயதுக் குஞ்சு எடுக்கலாம். அடையில் உட்காரும் பெட்டைகள் இரண்டு மூன்றுக்கும் ஒரே இரவில் முட்டை வையுங்கள், பெட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு. முதல் பெட்டை உட்கார்ந்தாலும் இரண்டாவது உட்காரும்வரை அதற்குப் பழைய கூமுட்டை இரண்டைப் போட்டு ஏமாற்றி வைக்கலாம். சேர்த்துவைத்த முட்டை குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் தாங்கும், சித்திரை வெயிலில் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். 21-ஆம் நாள் எல்லாம் ஒன்றாகப் பொரியும். தாய்க்கோழியும் குஞ்சும் தனிப் பஞ்சாரத்தில், பழைய கூண்டுக்கு எதிர்ப்பக்கம். தாயிடமிருந்தே தொற்றலாம் என்பது உண்மைதான். பத்துக் கோழியிடமிருந்து தொற்றுவதைவிட ஒன்றிடமிருந்து தொற்றுவது மேல் என்பதே இதில் கிடைக்கும் லாபம்.

காலி செய்வது என்றால் கோழியை எடுத்துவிட்டுத் துடைப்பத்தால் பெருக்குவது என்று எண்ணிவிடக் கூடாது. முதலில் கூளத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசியே மேரக்ஸை நாலு வீட்டுக்கு அனுப்பும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கூளத்தைச் சாக்கில் அள்ளி, கோழி போகாத மூலையில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி ஆறு வாரம் விடுங்கள். உள்ளே 55, 60 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிக் கிருமியைக் கொன்று நல்ல எருவாகும். பச்சையாக ரோஜாத் தொட்டிக்குப் போட்டால் செடியும் கருகும், நோயும் பரவும்.

பிறகு காய்ந்தபடியே சுரண்டல். கம்பி வலை, கட்டை இடுக்கு, பரண் கம்பு, முட்டைப் பெட்டியின் அடிப்பாகம் எல்லாம். அடுத்து சலவைச் சோடா லிட்டருக்கு 40 கிராம் வெந்நீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவல். கழுவிக் காய்ந்தபிறகுதான் பிளீச்சிங் பவுடர், லிட்டருக்கு 30 கிராம், புதிதாகப் பிரித்த பொட்டலத்திலிருந்து. இந்த வரிசையை மாற்றிவிடுவதுதான் வழக்கமான தவறு. எச்சம் ஒட்டிய தரையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அதன் வேகம் முழுவதும் எச்சத்தோடு போய்விடும், கிருமிவரை எட்டாது. வீட்டில் இருக்கும் ஆசிட்டையோ வேறு எதையுமோ அதோடு கலக்காதீர்கள், கிளம்பும் வாயு நம்மையே சாய்த்துவிடும்.

மண் தரையாக இருந்தால் இரண்டு அங்குலம் மேல்மண்ணை வெட்டி எடுத்து, சுண்ணாம்புத் தூள் தூவி, புது மண் நிரப்ப வேண்டும். சிமென்ட் தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தால் போதும். சுட்ட சுண்ணாம்பை வெளியில் வைத்து நீற்றுங்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

ஒன்றை மட்டும் காலி வைத்தாலும் வெல்ல முடியாது: இரவில் வந்து இரத்தம் உறிஞ்சும் சிவப்புச் செள். கோழியே இல்லாமல் மாதக்கணக்கில் கட்டை இடுக்கில் பசித்துக் கிடக்கும். பரண் கம்பின் முனையை இரவு டார்ச் அடித்துப் பாருங்கள், கசகசா அளவில் ஊர்ந்தால் அதுதான். மரக் கம்பை எரித்துவிட்டுப் புதுக் கம்பு போடுவது மலிவு. இரும்புச் சட்டத்தின் இடுக்குகளை ஃப்ளேம் கன்னால் வாட்டலாம், பக்கத்தில் ஓலையும் சாக்கும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு.

காலி நாள்களை எண்ணத் தொடங்குவது கோழி போன நாளிலிருந்து அல்ல, கழுவிக் காய்ந்த நாளிலிருந்து. குறைந்தது 14 நாள், முடிந்தால் 21. அந்த நாள்களில் பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்து மேயாமல் கதவு சாத்தியிருக்க வேண்டும். காகமும் எலியும் நுழையாமல் அரை அங்குல வலையை மேலேயும் போட்டுவிட இதுதான் நேரம். பள்ளிக்கரணைக்கும் புழலுக்கும் வலசைப் பறவைகள் வரும் பருவத்தில், ஏரித் தண்ணீரைக் கோழிக்கு வைப்பதையும், கோழியோடு வாத்து சேர்த்து வளர்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

குஞ்சு இறக்கும் அன்று புது நெல் உமி இரண்டு அங்குலம். மேலே மூன்று நாளைக்குப் பழைய நாளிதழ் விரிப்பார்கள் (ஆசிரியர் மன்னிக்கவும்). தாளைக் கசக்கிச் சொரசொரப்பாக்கித்தான் விரிக்க வேண்டும், வழவழப்பில் நின்றால் குஞ்சின் கால் அகன்று போகும். 25 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி. இடம், நாலு வாரம்வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி, எட்டு வாரம்வரை ஒன்று, பெரிதானால் இரண்டரை.

எவ்வளவு சொன்னாலும் நடுவில் ஒரு கோழி வந்துவிடும், நேர்த்திக்கடன் சேவல் மாதிரி. அதைத் தடுக்க முடியாது, தனியே வைக்க முடியும். முப்பது அடி தள்ளி, இல்லையென்றால் வீட்டின் முன்பக்கம் அல்லது மாடிக்குக் கீழே, குறைந்தது 21 நாள். தனிக் குவளை, தனிச் செருப்பு. தினமும் முதலில் குஞ்சு, பிறகு வீட்டுக் கோழி, கடைசியில் புதுக்கோழி என்ற வரிசையில் தீவனம் வைக்க வேண்டும். கொரைசா தாங்கிய கோழி 21 நாளும் நல்லபடி நடமாடி ஏமாற்றலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கறிக்கு விட இருக்கும் உங்கள் கோழி ஒன்றைக் கடைசிப் பத்து நாள் அதோடு சேர்த்து விடுங்கள். இரண்டில் ஒன்று தும்மினாலும் இரண்டையும் கூண்டுக்குள் சேர்க்காதீர்கள். பலர் புதுக்கோழியை இரவு இருட்டில் பரணில் ஏற்றிவிடுகிறார்கள், காலையில் சண்டை வராது என்று. சண்டை வராது என்பது சரிதான், நோய் வருவதை அது தடுக்காது.

மருந்து விஷயத்தில் இரண்டே சொல். இரத்தக் கழிச்சலுக்கு மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதுவார். 20 சதவீதப் பவுடர் என்றால் கடுமையான நிலையில் லிட்டருக்கு 1.2 கிராம் அளவில் மூன்றிலிருந்து ஐந்து நாள். கோழி சோர்ந்திருக்கிறதே என்று கூடவே பி காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றுகிறார்கள். அந்த மருந்து வேலை செய்வதே பி1 வைட்டமினைக் கிருமிக்குக் கிடைக்காமல் செய்துதான், டானிக் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். டானிக்கை மருந்து முடிந்தபின் கொடுங்கள். இன்னொன்று, எந்த நோய் என்று தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கான டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுவது. ராணிக்கெட் வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது, முட்டையில் மட்டும் மிச்சம் ஏறும். கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. பழைய பொட்டலம் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கூண்டைக் காலி செய்யவே கூடாத நேரம் ஒன்றும் உண்டு. ஒரே நாளில் இரண்டு மூன்று செத்து மற்றவை கழுத்தைத் தொங்கப் போட்டிருக்கும் நேரம். அப்போதுதான் மிச்சத்தையாவது காசாக்கலாம் என்று அவசரமாகச் சந்தைக்கு ஓடுகிறார்கள், தெருவுக்கு ஒரு வீடாக நோய் இறங்குகிறது. ராணிக்கெட்டையும் பறவைக் காய்ச்சலையும் பார்வையால் பிரித்தறிய மருத்துவராலும் முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி இரண்டையும் தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை. கோழியை எங்கும் அனுப்பாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். செத்ததை அறுத்துப் பார்க்க வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் கூவத்திலும் எறிய வேண்டாம். கையுறை போட்டு இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி நிழலில் வைத்திருந்தால், எடுத்துப் போகவோ மூன்று அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவோ அவர்கள் சொல்வார்கள். சாதாரணமாக ஒன்றிரண்டு சாகும்போது காரணம் அறிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் மாதவரம் பல்கலைக்கழக வளாகமும் சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உடலை ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் உறையவைத்தால் உறுப்புகள் சிதைந்து ஒன்றும் தெரியாமல் போகும்.

துறையிடம் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி முகாம் தவிர்த்த மாதங்களில் எந்த நாளில் ராணிக்கெட் குப்பி உடைக்கப்படும் என்பதை ஒவ்வொரு மருந்தகத்தின் வாசல் பலகையிலும் சாக்பீஸால் எழுதி வைத்தால் போதும். தெருவே பிளாஸ்க்கோடு வந்துவிடும். இலவசமாகவோ மானியத்திலோ குஞ்சு வழங்கும்போது எந்தெந்த ஊசி எந்த நாளில் போட்டது, அடுத்தது எப்போது என்று ஓர் அட்டையும் கூடக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே, அதே மாதிரி.

கடைசியாக, எல்லாக் கூண்டிலும் ஒரு செல்லப் பெட்டை இருக்கும். பெயர் வைத்திருப்பார்கள். 'எல்லாவற்றையும் விற்றுவிடுகிறோம், இவளை மட்டும் விட்டுவிடுங்கள்' என்பார்கள். விட்டுவிடலாம். ஆனால் அவளைத் தனிக் கூண்டில், புதுக்குஞ்சுக்கு முப்பது அடி தள்ளி, அவளுக்கென்று ஒரு குவளையோடு வைக்க வேண்டும். கோழியே இல்லாத உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. பழைய கூண்டிலேயே அவளை விட்டுவைத்துக் கழுவினால், காலி நாள் ஒன்றுகூட எண்ண முடியாது.

இந்தக் கடிதத்தை மார்கழிக்குள் வெளியிட்டால் உதவியாக இருக்கும். சுண்ணாம்பு காயத் தை வெயில் வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுக் கோழி வளர்ப்பு ஆலோசகர்,
மாதவரம், சென்னை.